‘ங்க’வுக்கு மதிப்பெண் இல்லை

கோயம்புத்தூரில் நான் முதலில் பொறாமைப்பட்டது காற்றைப் பார்த்து. காந்திபுரத்தில் இறங்கிப் பையைத் தோளில் மாட்டுவதற்குள் மேற்கிலிருந்து ஒரு காற்று வந்து சட்டைக்குள் புகுந்து, நலம் விசாரித்துவிட்டுப் போனது. ஆனி மாதம். கணவாய் வழியாக மலையாள நாட்டு மழையின் வாசத்தை மட்டும் திருடிக்கொண்டு வருகிற காற்று. சென்னையில் என் தெருவில் காற்று என்றால் மின்விசிறியின் ஐந்தாம் எண்தான்.

இரண்டாவது, தண்ணீர். நான் தாமிரபரணிக்காரன். தண்ணீர் விஷயத்தில் எந்த ஊருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. டீக்கடையில் சிறுவாணித் தண்ணீர் ஒரு டம்ளர் குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மூன்றாவது, ஜெசிந்தா. நான் வந்ததே அவளுக்காகத்தான்.

இருபது வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரே ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த மேசை. மறதி நோயில் இறந்தவர்களின் மூளைத் திசுவை வெற்றிலையைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றி, எங்கே எது அழிந்தது என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் அங்கேயே இருந்துவிட்டேன். இப்போது ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கிற நுண்ணோக்கி என் பொறுப்பில் இருக்கிறது. ஜெசிந்தா சொந்த ஊருக்குத் திரும்பி, மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன மருத்துவமனையில் இரண்டு அறைகளை வாங்கிக்கொண்டு, வீடு வீடாகப் போய் மறதிக்காரர்களைப் பார்க்கிறாள்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வாக்கியம் இருந்தது. நான் எழுதியது. மறதியைச் சோதிக்கும் தமிழ்த் தாளில், கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டிய வாக்கியம்: ‘மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பால்காரர் காலையில் வருவார்.’ மூன்று மாதம் செதுக்கினேன். வல்லினம் எங்கே வரவேண்டும், மூச்சு எங்கே நிற்கவேண்டும் என்று நாக்கில் வைத்து உருட்டிப் பார்த்து எழுதியது. சின்ன வயதிலிருந்து கவிதை மாதிரி எதை எதையோ எழுதியிருக்கிறேன். நாலு பேர் படித்ததில்லை. இந்த ஒரு வரியைத்தான் ஊர் ஊராக வயதானவர்கள் வாய்விட்டுச் சொல்கிறார்கள். பிசகாமல் சொன்னால் ஒரு மதிப்பெண். பேச்சு வழக்கு உச்சரிப்பை என் விதி மன்னிக்கும். கூடுதலாக ஓர் அசை சேர்த்தால் மன்னிக்காது.

அந்த வரியைப் பற்றித்தான் ஜெசிந்தா, தாளைத் தயாரித்த எங்கள் குழுவுக்குக் கடிதம் எழுதியிருந்தாள். கொங்குப் பக்கத்தில் இந்த வாக்கியம் தப்பான ஆட்களைத் தோற்கடிக்கிறது, விதியை மாற்றவேண்டும் என்று. எழுதியவனே நேரில் போய்ப் பார்த்து அறிக்கை கொடுக்கட்டும் என்று குழு என்னை அனுப்பிவிட்டது. ஐந்து நாள்.

முதல் நாள் டவுன் பஸ்ஸிலேயே தோற்றேன். மருத்துவமனை நிறுத்தத்தில் இறக்கிவிடச் சொல்லிக் கண்டக்டரிடம் கேட்டேன். ஐம்பதை நெருங்கும் என்னை அவர் ‘உள்ள போங்க கண்ணு’ என்றார். பக்கத்தில் இருந்தவர் முந்தின நிறுத்தம்தான் கிட்டம் என்றார். பின் இருக்கை அம்மா, அடுத்த நிறுத்தம் என்றால் வெயிலில் நடக்கவேண்டியதில்லை என்றார். ‘நீங்க சொல்றதும் சரிதானுங்க’ என்று இவர் விட்டுக்கொடுக்க, ‘இல்லீங்க, நீங்க சொன்னதே சரிங்க’ என்று அவர் விட்டுக்கொடுக்க, இரண்டு நிறுத்தமும் போய்விட்டது. எங்கள் ஊராக இருந்திருந்தால் ‘ஏல, எறங்குல’ என்று ஒருவன் தள்ளிவிட்டிருப்பான். சரியான இடத்தில் விழுந்திருப்பேன்.

திருநெல்வேலிப் பக்கம் மரியாதை என்பது கதவைச் சாத்துவது. உயிர்ச் சிநேகிதனை ‘வாலே’ என்போம். அவனே ஒருநாள் ‘வாங்க’ என்றால், என்ன தப்புச் செய்தோம் என்று யோசிப்போம். அதனால்தான் ஜெசிந்தாவின் பேச்சு எனக்குப் பிடித்ததில்லை. நான் அவளை ‘நீ’ என்பேன். இருபது வருடமாக அவள் என்னை ‘நீங்க’ என்றே சொல்கிறாள்.

அன்றும் அப்படித்தான். ‘ஏனுங்க சுடலை, ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கி நடந்து வாரீங்களாமா? கண்டக்டரு போன் பண்ணிச் சொல்லிப்போட்டாருங்க’ என்று வாசலில் நின்றாள். கண்டக்டரின் அம்மா அவளிடம்தான் வைத்தியம் பார்க்கிறார்களாம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. காத்திருப்போர் பெஞ்சில் ஒரு பாட்டியம்மா, சொந்த மகளை யாரோ என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தவர், ஜெசிந்தாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கையை நீட்டினார். என் நுண்ணோக்கி என்னைப் பார்த்து ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

இரண்டாம் நாள் ஆனைமலை. பொள்ளாச்சியில் பஸ் மாறி, தென்னந்தோப்புகளுக்கு நடுவே போகிற பாதை. இவ்வளவு பச்சையை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள இவர்களுக்கு என்ன உரிமை என்று எரிச்சலாகவே வந்தது. ஜன்னலோரத்தில் ஜெசிந்தா தூங்கிவிட்டாள். தினமும் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான்.

நாங்கள் போனது ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கு. அவர் மனைவி சரஸ்வதி சந்தகை பிழிந்து வைத்திருந்தார். இடியாப்பத்துக்கு அண்ணன் போல, இன்னும் மிருதுவாக, தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தந்தார். சாப்பிட்டுக்கொண்டே, கணவருக்கு எது முதலில் மறந்துபோனது என்று அவரிடம் கேட்டேன். நான் எங்கேயும் கேட்கிற கேள்வி. அவர் விழித்தார். ஜெசிந்தா கேள்வியை மாற்றினாள்: ‘மொதல்ல என்னதுங்க மாறுச்சு?’

‘மரியாதை போச்சுங்க’ என்றார் சரஸ்வதி. ‘சாவியத் தேடறது, கண்ணாடியத் தேடறதெல்லாம் எல்லா ஊட்லயும் உள்ளதுங்க. என்ற மகளோட மாமனாரு தீவாளி நோம்பிக்கு வந்திருந்தாருங்க. இவரு சம்பந்தியப் போயி, ‘வா, உக்காரு’ன்னு சொல்லிப்போட்டாரு. எலையில உக்காந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாருங்க.’

அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றுபோனது. மகள் பிறந்த வீட்டுக்கு வருவது நின்றது. கணவருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று சரஸ்வதியே நம்பியிருக்கிறார். ஏழெட்டு மாதம் கழித்து ஜெசிந்தா வந்து இதே கேள்வியைக் கேட்டு, இதே பதிலைக் கேட்டு, கோயம்புத்தூருக்கு அழைத்துப்போய்ப் படம் எடுத்துப் பார்த்தபோது நெற்றிக்குப் பின்னால் மூளை சுருங்கியிருந்தது. ஜெசிந்தா நேரே சம்பந்தி வீட்டுக்குப் போய், அது அவர் பேசியதில்லை, நோய் பேசியது என்று விளக்கினாளாம். சம்பந்தி மறுநாளே தேங்காய் பழத்தோடு வந்து அழுதிருக்கிறார்.

ஜெசிந்தாவின் நோட்டில் இப்படி ஒரு பக்கம் இருந்தது. வீடு வேறு, ஊர் வேறு, வார்த்தை ஒன்றுதான். கொழுந்தியாளிடம் ‘ங்க’ போயிற்று. டாக்டரிடம் ‘ங்க’ போயிற்று. பேரனைப் ‘போங்க சாமி’ என்று கொஞ்சியவர் ‘போ’ என்றார். பெயர் மறப்பதற்கும் வழி மறப்பதற்கும் முன்னால் ‘ங்க’ உதிர்கிறது, சிலருக்கு. நெற்றிக்குப் பின்னால் இருக்கிற அந்தப் பகுதியைத்தான் நான் இருபது வருடமாகச் சீவிச் சீவிப் பார்க்கிறேன். அது சத்தம் போடும் என்று எனக்குத் தெரியாது. அவள் அதை ஓர் அடுப்படியில் உட்கார்ந்து காதால் கேட்டிருக்கிறாள்.

வயிறு எரிந்தது. சந்தகை இனித்துக்கொண்டிருக்கும்போதே எரிந்தது.

பிறகு தாளை எடுத்து, தலைமை ஆசிரியரிடம் என் வாக்கியத்தைச் சொன்னேன். ‘மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் பால்காரர் காலையில் வருவார்’ என்று அவர் திருப்பிச் சொன்னார். எழுத்துப் பிசகவில்லை. என் வரியை அவ்வளவு சுத்தமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முழு மதிப்பெண் போட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்து, ‘எந்திரிச்சுப் போ’ என்றார். சரஸ்வதி தட்டை நகர்த்தி, ‘நீங்க சாப்புடுங்க’ என்றார் கணவரிடம். ‘வை’ என்றார் அவர்.

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவில் ஒரு கிராமம். ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் பாதி வழியில் பஞ்சர். பால் வண்டி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது, கேன்களுக்கு நடுவில், முழங்காலை மடித்து. மாலை நாலு மணி. இந்த நேரத்தில் பாலா என்றேன். ‘பொழுதோடவும் வருவமுங்க’ என்றார் வண்டிக்காரர்; இங்கே சாயங்காலத்துக்குப் பெயர் பொழுதோட. ஜெசிந்தா வெளியே பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். என் வாக்கியத்தில் பால்காரர் காலையில் மட்டும்தான் வருவார்.

நாங்கள் பார்க்கப் போன ரங்கசாமி நாயுடுவுக்கு எழுபத்தெட்டு வயது. சோளமும் வாழையும். தினம் மொபெட்டில் தோட்டத்துக்குப் போய்வருகிறவர். போன மாதம் அன்னூருக்கு உரம் வாங்கப் போனவரை அந்தியில் அவிநாசி பஸ் நிலையத்தில் கண்டுபிடித்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாராம். கேட்டால் ‘சும்மா வந்தேன்’ என்றாராம். மகன் மோகன் கோயம்புத்தூரில் பம்பு மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார். அன்று பட்டறையை மூடிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர். சோதனையில் அப்பா தேறாவிட்டால் மொபெட் சாவியை வாங்கி வைத்துக்கொள்வதாக முடிவு செய்திருந்தார். ‘எனக்கு இருக்கறது ஒரே அப்பாங்க சார்’ என்றார். யாருக்கும் அப்படித்தான் என்றாலும், அவர் சொன்னபோது சிரிப்பு வரவில்லை.

பெரியவர் கிழமை சொன்னார், மாதம் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். காட்டிய படங்களில் சிலதை விட்டார். கடைசியில் என் வாக்கியம்.

‘மழ பேஞ்சாலும் வெயிலடிச்சாலும் பால்காரரு காலைல வருவாருங்க.’

நான் சொன்னபடியே சொல்லச் சொன்னேன். மறுபடி அதே ‘வருவாருங்க’. கடைசியில் இருக்கிற ‘ங்க’வை விட்டுவிட்டுச் சொல்லுங்கள் என்றேன். இப்படி எடுத்துக்கொடுக்கவே கூடாது. அதுவும் என் விதிதான். என்னை மீறி வந்துவிட்டது.

‘அதெப்படிங்க?’ என்றார் பெரியவர். ‘நீங்க எத்தன தூரத்துல இருந்து வந்திருக்கீங்க. உங்க மூஞ்சியப் பாத்து மொட்டையாச் சொல்றதுங்களா?’

அப்புறம் உள்பக்கம் திரும்பி மனைவியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்குதான். கோவில்பட்டிப் பக்கம் தெலுங்கு பேசும் பையன்களோடு படித்த எனக்கு அது புரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் சொன்னது இது: ‘இந்தப் பிள்ளைக்கு யாரும் பேசிப் பழக்கவில்லை போலிருக்கிறது, பாவம். சாப்பாடு போட்டு அனுப்பு.’

கூட்டிப் பார்த்தேன். தேர்ச்சிக் கோட்டுக்கு ஒரு மதிப்பெண் கீழே. அந்த ஒன்று எது என்று எனக்கும் தெரியும், ஜெசிந்தாவுக்கும் தெரியும். இது வெறும் சல்லடை, இதை வைத்து நோய் என்று சொல்லிவிட முடியாது என்று அவள் மோகனிடம் சொன்னாள். மோகன் அதற்குள் தாளில் இருந்த கோட்டைப் பார்த்துவிட்டார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை. திருநீறு எடுப்பதுபோல எடுத்தார்.

பெரியவர் ஆணியைப் பார்த்தார். பிறகு என்னை. ‘நான் என்னத்தத் தப்பாச் சொன்னேனுங்க?’

பதில் என்னிடம் இருந்தது. அந்த ஒரு மதிப்பெண்ணை அங்கேயே போட்டிருக்கலாம். போட்டால் ஜெசிந்தா சொன்னது சரி என்று ஆகிவிடும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லி எழுந்தேன். வைத்த சாப்பாட்டைப் பாதியில் விட்டேன்.

நான்காம் நாள் காலை, விடுதி அறையில் உட்கார்ந்து அறிக்கையை எழுதினேன். ‘வாக்கியத்தையோ மதிப்பெண் விதியையோ மாற்றத் தேவை இல்லை. வட்டாரப் பழக்கங்களுக்கு ஏற்ப விதியைத் தளர்த்தினால் சோதனை சீராக இராது.’ நல்ல தமிழ். பொறாமை எழுதினால் பிழை வராது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மதியம் ஜெசிந்தா வீட்டில் சாப்பாடு. அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளம். அரிசியையும் பருப்பையும் சேர்த்துப் போட்டு வேகவைத்ததற்கு இவ்வளவு ருசி கூடாது. மூன்றாம் முறை போட்டுக்கொண்டபோது அறிக்கையை அவளிடம் கொடுத்தேன். கொடுக்காமல் ஊருக்குப் போயிருக்கலாம். அவள் முகம் வாடுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது, அதுதான் உண்மை.

அவள் நின்றபடி படித்தாள். முகம் வாடவில்லை. சாதத்தில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள்.

‘நல்ல வாக்கியமுங்க உங்களுது’ என்றாள். ‘பால்காரருக்கு மரியாதை குடுத்திருக்கீங்க. கேக்கறவங்களுக்குக் குடுக்க மறந்துபோட்டீங்க.’

மூன்று மாதம் செதுக்கிய வரி. ஒரு கரண்டி நெய் விடுகிற நேரத்தில் அதில் இருந்த ஓட்டையைக் காட்டிவிட்டாள். உனக்கு எல்லாம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அடுப்படிக்குள் போனால் ஒரு கண்டுபிடிப்பு, பெஞ்சுப் பக்கம் போனால் ஒரு கைநீட்டல் என்று.

‘இருவது வருசமா ஊடு ஊடா நடக்கறேனுங்க சுடலை’ என்றாள். ‘உங்குளுக்கு அந்த மைக்ராஸ்கோப்பு வந்த சேதி கேட்ட அன்னைக்கு, தண்ணி மோட்டாரப் போட்டு உட்டு, அந்தச் சத்தத்துல அழுதுபோட்டேன். எனக்கு வந்திருக்கோணும்னு. தெரியுமுங்களா?’

தெரியாது. இத்தனை வருடத்தில் ஏன் என்னை ஒருமுறைகூட ‘நீ’ என்று சொன்னதில்லை என்று கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் சிரித்தாள்.

‘புடிச்சவங்களுக்குத்தானுங்க ‘ங்க’ போடறது. புடிக்காதவங்ககிட்டப் பேசவே மாட்டமே.’

அறிக்கையை வாங்கி மடித்தேன். அன்று சாயங்காலம் அதைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். ‘ங்க’ சேர்த்துச் சொன்னால் மதிப்பெண் குறையக் கூடாது. குடும்பத்தாரிடம், பேச்சில் மரியாதை குறைந்ததா என்ற கேள்வியைச் சேர்க்கவேண்டும். இரண்டையும் கண்டவர் ஜெசிந்தா. அவர் பெயரை முதலில் எழுதி, என் பெயரைக் கீழே எழுதினேன். எழுதும்போதும் வயிறு எரிந்தது. இந்த எரிச்சலுக்கு மூளையின் எந்தப் பகுதி பொறுப்பு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அணையவில்லை.

ஐந்தாம் நாள் தனியாகக் கிராமத்துக்குப் போனேன். மோகன் இருந்தார். தாளைக் காட்டி, ஒரு மதிப்பெண்ணைத் தவறாகக் குறைத்துவிட்டேன், தவறு என்னுடையது என்று சொன்னேன். இப்போது கோட்டின் மேல் இருக்கிறார், கோட்டைவிட்டு ரொம்பத் தள்ளி இல்லை, மருத்துவரிடம் ஒருமுறை முழுதாகக் காட்டவேண்டும், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றும் சொன்னேன். அவிநாசியில் ஏன் உட்கார்ந்திருந்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மோகன் தாளை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். ‘ரோட்டுல மெதுவாப் போங்கப்பா.’

பெரியவர் சாவியை வாங்கியதும் செய்த முதல் காரியம், என்னைப் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொன்னது. அன்று சாப்பாட்டைப் பாதியில் விட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. அதையும் சொல்லிக்காட்டிவிட்டுத்தான் ஏறச் சொன்னார்.

மொபெட்டின் பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு நாள் முன் நான் தோற்கடித்தவரின் தோளைப் பிடித்துக்கொண்டு. சோளக்காட்டின் மேல் அந்தக் காற்று ஓடிக்கொண்டிருந்தது. மெயின் ரோடு சேரும் இடத்தில் வேகம் குறைந்தது. வண்டி நின்றது. பெரியவர் காலை ஊன்றினார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். ஒரு லாரி போயிற்று. ரோடு காலியான பிறகும் அவர் நகரவில்லை.

இடது பக்கம் அன்னூர். வலது பக்கம் அவிநாசி.

அவர் மெல்லத் திரும்பினார். ‘எந்தப் பக்கமுங்க?’

சாவியைத் திருப்பி வாங்கிக் கொடுத்தது நான். என் பொறாமையைக் கழுவிக்கொள்ள ஒரு மனிதரை ரோட்டுக்கு அனுப்பிவிட்டேனா?

அவர் காத்திருந்து பார்த்துவிட்டு, குழந்தைக்குச் சொல்வதுபோல விளக்கினார். ‘அன்னூர் போயிப் போறீங்களா, அவிநாசி போயிப் போறீங்களா? ரெண்டு பக்கமும் கோயமுத்தூருக்கு பஸ் உண்டுங்க. வந்தவங்களக் கேக்காம நானாத் திருப்பறது மரியாதை இல்லீங்களே.’

‘அன்னூர் பக்கமுங்க’ என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த ‘ங்க’ என் காதில் விழுந்தது. அவர் தலையை ஆட்டி இடது பக்கம் திருப்பினார். ஜெசிந்தாவிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். உடனே, சொன்னால் நோட்டில் எழுதிக்கொள்வாள் என்றும் தோன்றியது. அன்னூர் வருகிறவரை, சொல்வதா வேண்டாமா என்று இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.